இரண்டாவது கயிற்றைப் பிடித்தவன்

தீயணைப்பு நிலையத்தில் முடிச்சுப் போடக் கற்றுக்கொடுக்க உங்களுக்கு இப்போது நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பயத்தை எப்படி அடக்குவது என்று சொல்லவும் ஆள் உண்டு. பக்கத்தில் நிற்பவன்மேல் வயிறெரிந்துகொண்டே ஒரு பணிக்காலத்தை எப்படி ஓட்டுவது என்று மட்டும் யாரும் சொல்லித் தர மாட்டார்கள். எனக்கு அதில்தான் அனுபவம் அதிகம். ஆகவே அதையே எழுதுகிறேன்.

நாமக்கல் பக்கம் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஒன்று சீக்கிரம் புரிந்துவிடும். இங்கே தீயைவிடக் கிணறுதான் அதிகம். மாடு விழும், ஆடு விழும், மோட்டார் இறக்கப் போனவர் விழுவார், ராத்திரி தண்ணீர் கட்டப் போனவர் கால் தவறி விழுவார். நான் அந்த நிலையத்தின் கிணற்று ஆள். வண்டி நிற்பதற்குள் சட்டையைக் கழற்றிவிடுவேன். தடித்த மணிலாக் கயிற்றைத் தொடையில் சுற்றிக்கொண்டு இறங்கினால், அடியில் கிடப்பவரைக் கயிற்றிலேயே நாற்காலி மாதிரி முடிச்சுப் போட்டு உட்கார வைத்து மேலே அனுப்பிவிடுவேன். தோட்டத்துக்காரர்கள் எங்கள் வண்டியைப் பார்த்ததும், “கெணத்துக்காரரு வந்திருக்காருங்களா?” என்றுதான் கேட்பார்கள். அரசாங்கம் எனக்குப் பதக்கம் எதுவும் தரவில்லை. அந்தக் கேள்வியே போதும் என்று இருந்தேன்.

என்னோடு ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவன் ஒருவன். பெயர் வேண்டாம். பரமத்தி வேலூர்க்காரன், வீட்டில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார்கள். அதனால் நிலையத்தில் எல்லோருக்கும் அவன் ‘கொடிக்கால்’தான். ஒல்லியான ஆள். அதிகம் பேச மாட்டான். கிணற்றில் இறங்கச் சொன்னால் இறங்குவான், சொல்லாவிட்டால் பேசாமல் கயிறு பிடிப்பான். அதுவரை அவனைப் பற்றி நான் நல்லதாகவோ கெட்டதாகவோ எதையும் நினைத்ததில்லை.

ஒருநாள் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. கயிறு மூலம் மீட்கும் புதிய முறைக்கு வெளிமாநிலத்தில் பயிற்சி, நிலையத்திலிருந்து ஒருவரை அனுப்ப வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வீட்டில் சொல்லி, ஒரு நல்ல பெட்டிகூட வாங்கிவிட்டேன். நிலைய அலுவலர் கொடிக்காலின் பெயரை எழுதி அனுப்பினார்.

அவர் அறைக்குப் போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

“கெணத்துல எறங்க உனக்குத் தெரியும். அதனாலயே உனக்குப் புதுசா ஒண்ணு சொல்லித் தர்றது கஷ்டம். தெரியாதவன் போயிட்டு வரட்டும்” என்றார்.

தெரிந்தவன் என்பதால் ஒருவனை ஒதுக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். புதுப் பெட்டியைப் பரணில் போட்டேன்.

கொடிக்கால் திரும்பி வந்தபோது ஆளே மாறியிருந்தான். தோள் விரிந்திருந்தது. அவனோடு ஒரு பெட்டி நிறையச் சாமான்கள் வந்தன. இடுப்பையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டை, திருகிப் பூட்டும் கொக்கிகள், உள்ளங்கைக்குள் அடங்கும் கப்பிகள், நீளமான மெல்லிய கயிறு. அந்தக் கயிற்றைப் பார்த்து, இதில் மாட்டைக்கூடக் கட்ட முடியாதே என்று நான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சங்ககிரிப் பக்கம் வேலை நின்றுபோன ஒரு கல்குவாரியில் வகுப்பு ஆரம்பமானது. கற்றுக்கொடுப்பவன் அவன், வரிசையில் நிற்பவன் நான். அடிபட்டவரை ஸ்ட்ரெச்சரில் கட்டிப் பாறைமேல் தூக்கும் பயிற்சிக்கு, அடிபட்டவராகப் படுக்க ஓர் ஆள் வேண்டும். அவன் நேராக என்னிடம் வந்தான். “நீ படு. மத்தவங்க நெளிவாங்க. நீ அசைய மாட்ட” என்றான்.

படுத்தேன். கெணத்துக்காரர் என்று பேர் வாங்கியவன், கைகால் கட்டப்பட்டு, வானத்தைப் பார்த்தபடி அந்தரத்தில் தொங்கினேன். மேலே அவன் தாடை மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு பட்டையையும் இழுக்கும்போது “இறுக்குதா?” என்று கேட்பான். நான் பதில் சொன்னதே இல்லை. ஆனால் அவன் கட்டிய எந்தப் பட்டையும் என்னை ஒருமுறைகூட உறுத்தவில்லை. கால் எங்கே வலிக்கும், கழுத்து எப்போது சாயும் என்பதெல்லாம் அவன் விரலுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. அதை உணர்ந்தபோது எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கட்டுவதில் அவன் கொஞ்சம் மோசமாக இருந்திருந்தால் நான் எவ்வளவோ நிம்மதியாகத் தொங்கியிருப்பேன்.

பக்கத்து நிலையங்களிலிருந்து அவனை வகுப்பெடுக்கக் கூப்பிட்டார்கள். கல்லூரிகளில் கூப்பிட்டார்கள். குமாரபாளையத்தில் ஒரு விழாவில் அவனுக்குச் சால்வை போர்த்தினார்கள். வீட்டில் சோற்றில் கை வைத்தாலும் எனக்கு அவன் நினைப்புத்தான். ஒருநாள் என் மனைவி பொறுக்க முடியாமல், “ஏனுங்க, ஊட்டுக்கு வந்தாலும் அவரு பேச்சுத்தானுங்களா? எனக்கே அவரு என்ன கொழம்பு ஊத்தித் திம்பாருன்னு தெரிஞ்சு போச்சு” என்றாள்.

அவள் சொன்னது சரிதான். நான் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் எங்கே தப்பு செய்வான் என்று பார்த்தேன். அவன் பட்டை மாட்டும் விதம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. இடுப்புப் பட்டையின் நுனியை வளையத்தில் நுழைப்பான். பிறகு அதே நுனியை மடித்துத் திரும்பவும் வளையத்துக்குள் விடுவான். அந்த இரண்டாவது நுழைப்புதான் பூட்டு. அது இல்லாவிட்டால் எடை ஏறும்போது பட்டை வழுக்கிக் கழன்றுவிடும். அப்புறம் ஒரு வெட்டு வெட்டி இழுப்பான். கொக்கியைத் திருகுவான். எல்லாம் முடிந்த பிறகுதான் தலையை நிமிர்த்துவான். இந்த வரிசையை அவன் மாற்றியதே இல்லை.

ஒருமுறை, ஒரு முடிச்சு தலைகீழாக இருப்பதுபோல் எனக்குத் தெரிந்தது. அத்தனை பேர் முன்னால் சத்தமாகச் சொன்னேன். அவன் குனிந்து பார்த்தான். அது சரியான முடிச்சுதான், நான் நின்ற பக்கத்திலிருந்து பார்த்தால் அப்படித் தெரியும் என்று காட்டினான். பிறகு, “நல்லாப் பாத்த” என்றான். கேலி இல்லாமல், உண்மையாகவே சொன்னான். குறையே இல்லாத மனிதன்மேல் பொறாமைப்படுவது மிகவும் களைப்பான வேலை தம்பிகளே. பிடித்துத் தொங்க ஒரு கிளையும் கிடைக்காது.

இனி, புதுச் சாமான்களோடு அவன் முதன்முதலாக இறங்கிய அந்தக் கிணற்றுக்கு வருகிறேன்.

கோடைக்காலம். ஜேடர்பாளையம் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தோட்டம். வாழைக்குத் தண்ணீர் பற்றவில்லை என்று கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அடியில் உடைத்த கல்லை இரும்புத் தொட்டியில் நிரப்புவார்கள். மேலே கிரேன் அதைத் தூக்கும். கிரேனை ஓட்டியவரின் மனைவியும் அடியில் கல் நிரப்பியவர்களில் ஒருவர். மத்தியானம் கிரேனின் கம்பி அறுந்து, கல்லோடு தொட்டி கீழே விழுந்தது. மற்றவர்கள் ஒதுங்கித் தப்பித்து ஏறி வந்துவிட்டார்கள். அந்த அம்மாவுக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. விழுந்த தொட்டி தண்ணீர் இறைக்கும் மோட்டாரின் குழாயையும் நசுக்கிவிட்டது. ஊற்றுத் தண்ணீர் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அவர் ஒரு கல்குவியலின்மேல் கிடந்தார்.

நாங்கள் போனபோது ஊரே கிணற்றைச் சுற்றி நின்றது. என்னைத் தெரிந்த ஒரு பெரியவர், “கெணத்துக்காரரே, சட்டுன்னு எறங்குங்க” என்றார். என் கை தானாகச் சட்டைப் பொத்தானுக்குப் போனது.

கொடிக்கால் வண்டியிலிருந்து இறங்கினான். கிணற்றின் விளிம்பைச் சுற்றி நடந்து காலால் மண்ணை அழுத்திப் பார்த்தான். மேல்மண் பொலபொலவென்று இருந்தது. முதலில் கூட்டத்தைப் பின்னால் போகச் சொன்னான். வண்டியைக் கிட்டே கொண்டுவர வேண்டாம் என்றான். தள்ளி நின்ற இரண்டு வேப்பமரங்களில், ஒன்றில் இறங்கும் கயிற்றையும் இன்னொன்றில் காப்புக் கயிற்றையும் கட்டச் சொன்னான். முதல் கயிற்றுக்கு ஏதாவது ஆனால் ஆளைத் தாங்குவது இந்த இரண்டாவது கயிறு. அதை என்னிடம் கொடுத்தான்.

இதற்கெல்லாம் நேரம் ஆனது. கூட்டம் பொறுமை இழந்தது. பழைய மாதிரி இறங்கினால் இந்நேரம் தூக்கியிருக்கலாம் என்று ஒருவர் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது. என் மனதிலும் அதேதான் ஓடியது. ஆனால் முறிந்த தொடையோடு அந்த அம்மாவைக் கயிற்று முடிச்சில் உட்கார வைத்துத் தூக்கினால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும்.

அவன் இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது அந்த அம்மாவின் கணவர் ஓடிவந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஏதோ சொல்லி அழுதார். இவனும் ஏதோ ஆறுதல் சொன்னான். அவரை விலக்கி அழைத்துப் போனார்கள். இவன் கொக்கியைத் திருகினான், தலைக்கவசத்தைச் சரிசெய்தான். விளிம்புக்குப் போக வேண்டியவன் திரும்பி நேராக என்னிடம் வந்து கையைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

“பாரு” என்றான்.

அவனிடம் பயிற்சி எடுத்தவர்கள் அத்தனை பேர் பக்கத்தில் இருந்தார்கள். ஏன் என்னிடம் வந்தான் என்று யோசிக்கக்கூட நேரமில்லை. பார்த்தேன். இடுப்பில் பட்டையின் நுனி வழக்கத்தைவிட நீளமாகத் தொங்கியது. இரண்டாவது நுழைப்பு இல்லை.

அப்போது என் மனதில் முதலில் வந்தது சந்தோஷம். இதை மறைத்தால் இந்தக் கதையை எழுதுவதில் அர்த்தமில்லை. அகப்பட்டாயா என்று இருந்தது. எத்தனை மாதங்கள் காத்திருந்தேன்.

“பட்டையைப் பூட்டல” என்றேன். நுனியைப் பிடித்து இழுத்தேன். அது வளையத்திலிருந்து வழுக்கி என் கையோடு வந்துவிட்டது.

கொடிக்கால் அதைப் பார்த்தான். முகத்தில் ரத்தம் வற்றியது. நான் மெதுவாகச் சொல்லவில்லை. நிலைய அலுவலர் காதிலும் விழுந்தது. அவர் பக்கத்தில் வந்து அந்தக் கழன்ற பட்டையைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“நீ எறங்கறயா?” என்றார்.

பயிற்சிக்கு என்னை அனுப்பாத அதே மனிதர். ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்கிறது. சரிங்கய்யா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பட்டையை மாட்டிக்கொள்ள எனக்கும் தெரியும், இறங்கவும் தெரியும்.

ஆனால் கீழே கிடப்பவரை ஸ்ட்ரெச்சரில் கட்ட வேண்டும். அவன் கட்டி நான் தொங்கியிருக்கிறேன். நான் கட்டி யாரும் தொங்கியதில்லை. முறிந்த எலும்போடு இருக்கும் ஒருவர்மேல் அன்றைக்குப் படவேண்டியது எந்தக் கை என்பதை, அவனுடைய நண்பர்களைவிட, அவனுக்குச் சால்வை போர்த்தியவர்களைவிட, நான் நன்றாக அறிவேன். பொறாமைக்காரனுக்குத்தான் எதிராளியின் திறமை அணு அணுவாகத் தெரியும்.

“அவனே எறங்கட்டுமுங்கய்யா. நான் கயித்தப் பாத்துக்கறேன்” என்றேன்.

அவர் தலையசைத்தார். கொடிக்கால் பட்டையை முதலிலிருந்து மாட்டினான். நுழைத்து, மடித்து, திரும்ப நுழைத்து, இழுத்தான். மறுபடி என் முன்னால் நின்றான். மறுபடி பார்த்தேன். இந்த முறை ஒரு குறையும் இல்லை. போ என்றேன்.

அவன் இறங்கினான். கீழே தண்ணீர் அந்த அம்மாவின் முதுகைத் தொட்டுவிட்டது. “இறுக்குதாம்மா?” என்று அவன் கேட்பது மேலே எனக்குக் கேட்டது. அவர் ஏதோ பதில் சொன்னார். கட்டி முடித்து, மேலே தூக்கச் சொல்லிக் குரல் கொடுத்தான். ஸ்ட்ரெச்சரும் அவனுமாகப் பாதிக் கிணறு ஏறியிருப்பார்கள். விளிம்பில் ஒரு பக்கத்து மண் சரிந்தது. அதன்மேல் கயிறு உரசாமலிருக்கப் போட்டிருந்த சாக்கும் சேர்ந்து போனது. முதல் கயிறு சட்டென்று தளர்ந்தது. மொத்த எடையும் என் கயிற்றில் வந்து விழுந்தது.

மரத்தில் மாட்டியிருந்த பிடி கயிற்றைக் கவ்வியது. நான் என் பங்குக்குக் காலை மண்ணில் ஊன்றி, பின்னால் சாய்ந்து நின்றேன். அவன்மேல் இருந்த வயிற்றெரிச்சல் அந்த நேரத்தில் எங்கே போனது என்று கேட்பீர்கள். எங்கும் போகவில்லை, உள்ளேயேதான் இருந்தது. ஆனால் மனதில் என்ன இருக்கிறது என்பது கைக்குத் தெரியாது. கை பழகிய வேலையைச் செய்யும். பயிற்சி என்று உங்களைக் காலையிலிருந்து மாலைவரை வதைப்பது இதற்காகத்தான். நல்லவர்கள் ஆக்குவதற்காக அல்ல; மனம் எப்படி இருந்தாலும் கை ஒழுங்காக இருப்பதற்காக.

மற்றவர்கள் முதல் கயிற்றை மறுபடி இழுத்து இறுக்கினார்கள். சற்று நேரத்தில் அவர்கள் மேலே வந்தார்கள். அந்த அம்மா கண்ணைத் திறந்து வைத்திருந்தார். அவர் கணவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் நாமக்கல்லுக்குப் போனது. அவர் பிழைத்து, கோலூன்றி நடக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மறுநாள் செய்தித்தாளில் படம் வந்தது. ஸ்ட்ரெச்சரைத் தாங்கியபடி கொடிக்கால். ஓரத்தில் கயிறு பிடித்த ஒரு முழங்கை. என் மனைவி அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, “இது உங்க கையுங்களா?” என்றாள். ஆமாம் என்றேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டாள்.

ஆனால் அதற்கு முந்தைய மாலையே, திரும்பி வரும் வழியில், ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினோம். கொடிக்கால் டம்ளரோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“அந்தம்மா ஊட்டுக்காரரு கையப் புடிச்சுட்டாரு. அதுல உட்டுட்டேன்” என்றான்.

“உன்ர பசங்க அத்தனை பேரு நின்னாங்க. ஏன் எங்கிட்ட வந்தே?”

அவன் டீயை ஆற்றினான். “அவங்க எம்மேல உசுரா இருக்கறவங்க. எம் மூஞ்சியப் பாத்தே சரின்னுருவாங்க. நீ அப்படியில்ல. நான் எப்பத் தப்புப் பண்ணுவேன்னு பாத்துட்டே இருக்கறவன். குவாரியிலயே எனக்குத் தெரியும். கெணத்துல எறங்கறதுன்னா, இவன் பாத்ததுக்குப் பொறவுதான்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்.”

நான் யாருக்கும் தெரியாது என்று நினைத்து மூடி வைத்திருந்ததை, அவன் பார்த்து, கோபித்துக்கொள்ளாமல், எடுத்து வேலைக்கு வைத்துக்கொண்டிருக்கிறான். அதிலும் அவன் என்னை முந்திவிட்டான். அவன் என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு எழுந்து போனான்.

அதன்பிறகு எந்த அழைப்புக்குப் போனாலும் அவன் இறங்கும் முன் என் முன்னால் வந்து கையைத் தூக்கிக்கொண்டு நிற்பான். நானும் பார்ப்பேன். பின்னால் ஒருமுறைகூட அவன் பட்டையில் தப்பு இருந்ததில்லை. ஒவ்வொரு முறையும், இருக்கிறதா என்று ஆசையோடுதான் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் இடையில் நட்பு என்று சொல்லும்படி எதுவும் வளரவில்லை. விசேஷத்துக்கு அழைத்தால் போவோம், மொய் வைப்போம், சாப்பிட்டுவிட்டு வருவோம். அவ்வளவுதான்.

பிறகு அவன் பதவி உயர்வில் சேலம் போய்விட்டான். அவனுடைய வேலை எனக்கு வந்தது. வகுப்பும் நானே எடுத்தேன். இத்தனை வருடம் ஏங்கியது கைக்கு வந்தது என்று, பொய் சொல்லாமல் சொன்னால், குதூகலமாகவே இருந்தேன்.

முதல் அழைப்பு ஒரு கோழித்தீவன ஆலையிலிருந்து வந்தது. மக்காச்சோளம் கொட்டி வைக்கும் உயரமான இரும்புத் தொட்டியில் பழுதுபார்க்க ஏறியவர், மயக்கம் வந்து பாதி ஏணியில் தொங்கிக்கொண்டிருந்தார். பட்டையை மாட்டினேன். நுழைத்து, மடித்து, திரும்ப நுழைத்து, இழுத்தேன். கொக்கியைத் திருகினேன். தலையை நிமிர்த்தி, யாரிடம் போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பது என்று பார்த்தேன்.

சுற்றிலும் நான் சொல்லிக்கொடுத்த முகங்கள். எல்லாம் பிரியமாக என்னைப் பார்த்தன. ஒருவர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். அந்த வாரம்தான் அவர் கேட்ட விடுப்பை நான் தடுத்திருந்தேன். இவர் சரியான ஆள் என்று அவரிடம் போய் நின்றேன். அவர் என் இடுப்பை ஒரு பார்வை பார்த்து, “சரியா இருக்குதுங்க” என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கோபம் இதற்கு உதவாது என்று அன்று கண்டுகொண்டேன். கோபக்காரன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். பொறாமைக்காரன்தான் கண்ணை எடுக்க மாட்டான்.

நானே மறுபடி பார்த்தேன். பட்டையைத் தொட்டேன், கொக்கியைத் தொட்டேன். சரியாகத்தான் இருந்தது. ஆனால் என் கண்ணும் என்மேல் பிரியமுள்ள கண்தானே. மேலே ஆள் தொங்குகிறார், நேரமில்லை. ஏறினேன். அவரைக் கட்டி இறக்கி, நானும் பத்திரமாக இறங்கினேன். கைதட்டினார்கள். பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்தார்கள், இந்த முறை என் முகம் முழுதாக வந்தது. ஆனால் ஏறும்போது ஒவ்வொரு படியிலும் என் உள்ளங்கை வேர்த்தது. மணிலாக் கயிற்றில் அத்தனை கிணறு இறங்கியபோது வராத பயம், எல்லாக் கருவியும் மாட்டியிருந்த அன்றைக்கு வந்தது.

அதனால் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் நிலையத்தில் உங்களைச் சதா முறைத்துக்கொண்டு, எங்கே சறுக்குவீர்கள் என்று பார்த்துக்கொண்டு ஒருவர் இருந்தால் அவரிடமிருந்து ஒதுங்காதீர்கள். இறங்குவதற்கு முன் அவரிடம் போய் நில்லுங்கள்.

கொடிக்காலுக்கு நான் இருந்தேன். அந்த நாளிலிருந்து, இங்கே இருந்தவரை, அவன் என் கண்ணில் படாமல் ஒரு கிணற்றிலும் இறங்கியதில்லை. எனக்கு அப்படி ஒருவன் கடைசிவரை வாய்க்கவில்லை. பயிற்சி, சால்வை, படம் எல்லாவற்றையும் அவனுக்கு விட்டுக்கொடுத்துவிடுவேன். இந்த ஒன்றை நினைத்தால்தான் இன்றும் அவன்மேல் எனக்கு வயிறெரிகிறது.